தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டன, மீட்க முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். ஊர் நூலகத்துக்கு உறுப்பினர் பதிவுப் பக்கம் ஒன்றை பிஎச்பி என்ற நிரல் மொழியிலும் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸிலும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக் கணினியில் ஸாம்ப் (தளத்தைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் மென்பொருள்) வைத்து ஓட்டியபோது எல்லாம் சரியாக இருந்தது. காசு கட்டி வாங்கிய ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் முதலில் வெறும் வெள்ளைப் பக்கம். எதையோ மாற்றியதும் பக்கம் வந்தது, ஆனால் தமிழில் பதிந்த பெயர்கள் கேள்விக்குறிகளாக நின்றன. நண்பர் சொன்னார் என்று யூடிஎஃப்8_என்கோட் ஃபங்ஷனைப் போட்டீர்கள். இப்போது மேலே கோடும் புள்ளியும் போட்ட ரோமன் எழுத்துகள் வருகின்றன. கடைசியில் ‘எந்த ஃபங்ஷனைப் போட்டால் சரியாகும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மையில் இதில் இருப்பது வேறு இரண்டு கேள்விகள். ஏற்கெனவே பதிவான பெயர்கள் டேட்டாபேஸுக்குள் உயிரோடு இருக்கின்றனவா என்பது ஒன்று. இனிமேல் வருபவை கெடாமல் இருக்க எங்கே கைவைக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதைத் தொட்டால் மீட்கக்கூடியதையும் சேர்த்து இழக்கலாம். அதனால் இதைப் படித்து முடிக்கும்வரை டேபிளில் எந்தக் கட்டளையையும் ஓட்டாதீர்கள். பதிவுப் பக்கத்தையும் ஒரு நாள் மூடி வையுங்கள். டேட்டாபேஸைப் பிரவுசரிலேயே கையாள உதவும் பிஎச்பிமைஅட்மினில் டேபிளைத் திறந்து ‘ஆபரேஷன்ஸ்’ தாவலில் வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் செய்து எடுப்பதைவிட இந்த விஷயத்தில் இதுதான் பாதுகாப்பு. எக்ஸ்போர்ட் ஆகும்போது எழுத்துகள் இன்னொரு முறை மாற்றப்பட வாய்ப்பு உண்டு, சர்வருக்குள்ளேயே எடுக்கும் நகலில் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு பெயர் போய்வரும் பாதையைப் பார்ப்போம். உறுப்பினர் பிரவுசரில் ‘அமுதா’ என்று தட்டுகிறார். எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் முறைதான் யூடிஎஃப்-8. பக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவித்திருந்தால் பிரவுசர் அதை யூடிஎஃப்-8 பைட்டுகளாக அனுப்புகிறது. பிஎச்பி அந்த பைட்டுகளை அப்படியே வாங்குகிறது. அது தமிழா பிரெஞ்சா என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அடுத்து பிஎச்பிக்கும் மைஎஸ்கியூஎல்லுக்கும் நடுவே உள்ள கனெக்‌ஷன். இங்கே ‘நான் அனுப்புவது இந்த கேரக்டர் செட்’ (எந்த எழுத்துக்கு எந்த பைட் என்று சொல்லும் பட்டியல்) என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. கடைசியாக டேபிளின் ‘காலம்’, அதாவது பெயர், தொலைபேசி எண் என்று ஒவ்வொரு விவரத்துக்கும் உள்ள நெடுவரிசை. ‘நான் வைத்துக்கொள்வது இந்த கேரக்டர் செட்’ என்று அதற்கு ஒரு சொந்த ஒப்பந்தம். இரண்டும் வேறு வேறாக இருந்தால் மைஎஸ்கியூஎல் நடுவில் மொழிபெயர்க்கிறது. படிக்கும்போது அதே பாதையில் திரும்பி வருகிறது. தமிழ் கெடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு இடங்களில்தான்.

மைஎஸ்கியூஎல் மொழிபெயர்க்கும்போது, போய்ச் சேரும் கேரக்டர் செட்டில் அந்த எழுத்தே இல்லையென்றால் அதற்குப் பதில் கேள்விக்குறியை வைத்துவிடும். லத்தீன்1 என்ற பழைய கேரக்டர் செட்டில் மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் மட்டுமே உண்டு, தமிழ் கிடையாது. ஆகவே கேள்விக்குறி வர இரண்டு வழிகள் இருக்கின்றன. கனெக்‌ஷன் யூடிஎஃப்-8, காலம் லத்தீன்1 என்றால் எழுதும்போதே எழுத்து கேள்விக்குறியாகிச் சேமிக்கப்படும். அந்தப் பெயர் போனது போனதுதான். காலம் யூடிஎஃப்-8, படிக்கிற கனெக்‌ஷன் லத்தீன்1 என்றால் சேமித்தது பத்திரமாக இருக்கும், காட்டும்போது மட்டும் கேள்விக்குறி தெரியும். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ‘அமுதா’ என்பது யூனிகோடில் அ, ம, உகரக் குறி, த, கால் என்று 5 குறியீடுகள். எந்த வழியில் கெட்டாலும் 5 கேள்விக்குறிகள்தான் தெரியும்.

பிரித்தறிய ஹெக்ஸ் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். பிஎச்பிமைஅட்மினின் எஸ்கியூஎல் தாவலில் ‘செலக்ட்’ கட்டளையில் பெயர்க் காலத்தோடு, ஹெக்ஸ் அடைப்புக்குறிக்குள் அதே காலத்தையும் கேளுங்கள். நான் இதை நம்புவதற்குக் காரணம், ஹெக்ஸ் தரும் விடை வெறும் எண்களும் ஏ முதல் எஃப் வரையான ரோமன் எழுத்துகளும்தான். கனெக்‌ஷன் எப்படி இருந்தாலும் அவை வழியில் கெடாது. உள்ளே எந்த பைட் இருக்கிறதோ அது அப்படியே தெரியும். ஒழுங்காகச் சேமிக்கப்பட்ட தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். முதல் பைட் எப்போதும் ‘ஈ0’. இரண்டாவது ‘ஏஈ’ அல்லது ‘ஏஎஃப்’. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். ‘அ’ என்பது ‘ஈ0ஏஈ85’. கேள்விக்குறியின் பைட் ‘3எஃப்’. ஆகவே ஹெக்ஸ் காலத்தில் ‘3எஃப்3எஃப்3எஃப்’ என்று வரிசையாக நின்றால் பெயர் போய்விட்டது. ‘ஈ0ஏஈ’ திரும்பத் திரும்ப வந்தால் மூச்சுவிடலாம்.

இதோடு இன்னொன்றையும் பார்த்தே ஆக வேண்டும். ‘ஷோ கிரியேட் டேபிள்’ என்ற கட்டளையை உங்கள் டேபிள் பெயரோடு ஓட்டுங்கள். காலம் எந்த கேரக்டர் செட்டில் இருக்கிறது என்று அது சொல்லும். ஒரே பைட்டுகளுக்குக் காலத்தின் கேரக்டர் செட்டைப் பொறுத்துப் பொருள் மாறும் என்பதால் ஹெக்ஸை மட்டும் தனியாகப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

இனி என் ஊகம். நீங்கள் ஒட்டியிருக்கும் வரிகளில் கனெக்‌ஷனுக்கு யூடிஎஃப்-8 என்று எழுதியிருக்கிறீர்கள். டேபிள் உருவாக்கும் கட்டளையில் கேரக்டர் செட் பற்றி ஒன்றும் இல்லை. அப்படி விட்டால் டேட்டாபேஸின் இயல்புநிலை எதுவோ அதுதான் டேபிளுக்கும். மைஎஸ்கியூஎல் 5.7 வரை அந்த இயல்புநிலை லத்தீன்1. 2018-இல் வந்த 8.0-இல்தான் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழுமையான யூடிஎஃப்-8-இன் பெயர்) ஆனது. பழைய டேட்டாபேஸ்களில் ‘லத்தீன்1_ஸ்வீடிஷ்_சிஐ’ என்று ஒரு பெயரைப் பார்த்து, நமக்கும் ஸ்வீடனுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பாதவர்கள் குறைவு. மைஎஸ்கியூஎல்லை உருவாக்கிய நிறுவனம் ஸ்வீடனில் இருந்தது, அவ்வளவுதான். ஆக உங்கள் டேபிள் லத்தீன்1, கனெக்‌ஷன் யூடிஎஃப்-8, பெயர்கள் எழுதும்போதே போய்விட்டன என்பது என் பலமான சந்தேகம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. ஹோஸ்டிங்கில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று நீங்கள் சொல்லவில்லை, ஹெக்ஸ் விடையையும் நான் பார்க்கவில்லை.

இன்னொரு தடயமும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. மைஎஸ்கியூஎல் 5.7 முதல் ‘ஸ்டிரிக்ட்’ என்ற கறார் முறை இயல்பாகவே இயங்கும். அது இயங்கினால் லத்தீன்1 காலத்தில் தமிழைப் போட முயலும்போது 1366 என்ற எண்ணோடு எரர் வந்து பதிவே நின்றுவிடும். உங்களுக்கு எரர் வராமல் கேள்விக்குறி பதிவாகியிருக்கிறது. பழைய மென்பொருள்கள் உடைந்துவிடும் என்று பல ஹோஸ்டிங்குகளில் இந்தக் கறாரை அணைத்து வைத்திருப்பார்கள். உங்கள் சர்வரிலும் அப்படி இருக்கலாம். இதை நான் பெரிய தீமையாகவே நினைக்கிறேன். எரர் வந்திருந்தால் முதல் பெயரிலேயே நிறுத்தியிருப்பீர்கள்.

அடுத்து யூடிஎஃப்8_என்கோட். நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். பெயரைப் பார்த்தால் யூடிஎஃப்-8 ஆக்கித் தரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது செய்வது ஒரே வேலை: கையில் கிடைத்த ஒவ்வொரு பைட்டையும் ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்தாக நினைத்து யூடிஎஃப்-8 ஆக மாற்றும். பிரவுசரிலிருந்து ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக வந்த தமிழை அதற்குள் விட்டால் ஒரு தமிழ் எழுத்து மூன்று ஐரோப்பியக் குறிகளாக உடையும். பிஎச்பி 8.2-இலிருந்து இந்த ஃபங்ஷனைக் கைவிடப்பட்டது என்றே அறிவித்துவிட்டார்கள். ஆங்கில வலைத்தளங்களில் இதைப் பரிந்துரைக்கும் பழைய பதில்கள் இன்னும் கிடக்கின்றன. தமிழுக்கு இது எந்த நிலையிலும் உதவாது.

இதில் உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கேள்விக்குறியை யூடிஎஃப்8_என்கோடுக்குள் விட்டால் கேள்விக்குறியாகவேதான் வெளியே வரும். அது சாதாரண ஆஸ்கி எழுத்து, மாறாது. ஆகவே ஏற்கெனவே கேள்விக்குறியாகத் தெரிந்த பழைய பதிவுகள் அந்த ஃபங்ஷனால் ரோமன் குப்பையாக மாறியிருக்க முடியாது. இப்போது குப்பையாகத் தெரிபவை அதைச் சேர்த்த பிறகு புதிதாகப் பதிந்த பெயர்களாகவே இருக்க வேண்டும். டேபிளில் இருக்கும் வரிசை எண்ணை வைத்து எங்கிருந்து குப்பை தொடங்குகிறது என்று பாருங்கள். பழைய கேள்விக்குறிப் பதிவுகள், புதிய குப்பைப் பதிவுகள் என்று இரண்டு கூட்டமாகத் தெளிவாகப் பிரியும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பழைய கூட்டத்தில் ஹெக்ஸ் விடை ‘3எஃப்’ ஆகவே இருந்தால் டேட்டாபேஸிலிருந்து மீட்க எந்த வழியும் இல்லை. எந்த ஃபங்ஷனும் கொண்டுவராது, மீட்டுத் தருகிறேன் என்று காசு கேட்பவர்களையும் நம்பாதீர்கள். ஆனால் அந்தப் பெயர் வேறெங்காவது விழுந்திருக்கலாம். பதிவானதும் உங்களுக்கு ஒரு மெயில் வரும்படி எழுதியிருந்தால் அதில் பெயர் முழுசாக இருக்கும், அது டேட்டாபேஸ் வழியாகப் போகவில்லை. உங்கள் ஃபார்ம் ‘போஸ்ட்’ முறைக்குப் பதில் ‘கெட்’ முறையில் அனுப்பியிருந்தால் சர்வரின் அக்சஸ் லாகில் முகவரி வரியோடு பெயரும் இருக்கும். சதவீதக் குறியும் ‘ஈ0’வும் மாறி மாறி வரும் நீண்ட வரியாகத் தெரியும், அதை மீண்டும் தமிழாக்குவது எளிது. ‘போஸ்ட்’ என்றால் லாகில் பெயர் இருக்காது. (தனிப்பட்ட விவரங்களை ‘கெட்’ முறையில் அனுப்பக் கூடாது என்பது வேறு கதை. இந்த ஒரு முறை அது உதவலாம்.) இவை எதுவும் இல்லாவிட்டாலும் தொலைபேசி எண்கள் கெட்டிருக்காது, எண்கள் லத்தீன்1-இல் இருப்பவைதான். ஊர் நூலகத்து உறுப்பினர்களிடம் ஓர் அழைப்பில் கேட்டுவிடலாம்.

புதிய கூட்டம் கொஞ்சம் சுவாரசியமானது. என் ஊகப்படி காலம் லத்தீன்1 என்றால் யூடிஎஃப்8_என்கோட் உடைத்துக் கொடுத்த ஐரோப்பியக் குறிகள் லத்தீன்1-இல் பெரும்பாலும் இருப்பவை. அதனால் அவை கேள்விக்குறியாகாமல் உட்கார்ந்திருக்கும். ஹெக்ஸில் பார்த்தால் சரியான தமிழ் பைட்டுகளே தெரியும், நடுநடுவே மட்டும் ஒரு ‘3எஃப்’ இருக்கும். காரணம் இதுதான். மைஎஸ்கியூஎல் லத்தீன்1 என்று சொல்வது உண்மையில் விண்டோஸின் 1252 என்ற பட்டியல். ஐஎஸ்ஓ-8859-1-உம் அதுவும் 80 முதல் 9எஃப் வரையான பைட்டுகளில் ஒத்துப்போவதில்லை. நம் உயிரெழுத்துகளும் க, ங, ச, ஞ, ட ஆகியவையும் மூன்றாவது பைட்டில் அந்த இடைவெளியில்தான் விழுகின்றன. த, ந, ப, ம, ய, ர போன்றவை அதற்கு மேலே இருப்பதால் தப்பிக்கும். காலத்தின் நீளம் போதாமல் வெட்டுப்படாதிருந்தால் ‘அமுதா’வில் ‘அ’ மட்டும் சிதைந்து ‘முதா’ பிழைத்திருக்கும். ஆள் பார்த்தால் எளிதாக ஊகிக்கலாம், நிரலால் முழுதாக முடியாது. நண்பர் சொன்னதைக் கேட்டு அதிக நாள் ஆகவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் பதிவுகள் கொஞ்சம்தான் என்றால் கையாலேயே தட்டிவிடுங்கள். அதற்கென்று கட்டளை எழுதிச் சோதிப்பதற்குள் தட்டி முடித்துவிடலாம்.

என் ஊகம் தவறி, காலம் யூடிஎஃப்8எம்பி4 ஆகவே இருந்தால் குப்பைப் பதிவுகளில் ‘ஈ0’ இருக்க வேண்டிய இடத்தில் ‘சி3ஏ0’ என்று தொடங்கும். இரண்டு முறை யூடிஎஃப்-8 ஆக்கப்பட்டதன் அடையாளம் அது. காலத்தின் நீளம் போதாமல் வெட்டுப்படாதிருந்தால் இந்த வகையை முழுசாக மீட்கலாம், ஒரு எழுத்தும் போகாது. பிஎச்பியில் ஒரு சிறு நிரல் எழுதி, அந்தப் பதிவுகளை மட்டும் படித்து, எம்பி_கன்வெர்ட்_என்கோடிங் ஃபங்ஷனில் யூடிஎஃப்-8-இலிருந்து ஐஎஸ்ஓ-8859-1-க்கு ஒரு முறை மாற்றி எழுதினால் போதும். முதலில் நகல் டேபிளில் ஒரே ஒரு வரிசையில் ஓட்டி ஹெக்ஸைப் பாருங்கள். மொத்தமாக ஓட்டுவது அதற்கு அப்புறம். ஏற்கெனவே சரியாக இருக்கும் பதிவின்மேல் இதை ஓட்டினால் அது கெடும், அதனால் எந்தப் பதிவுகளை மட்டும் தொட வேண்டும் என்று சொல்லும் ‘வேர்’ நிபந்தனை இல்லாமல் ஓட்டவே கூடாது.

இனி வருபவை கெடாமல் இருக்க. பிஎச்பி ஃபைலை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். எச்டிஎம்எல் தலைப்பில் மெட்டா கேர்செட் யூடிஎஃப்-8 என்று இருக்கட்டும். கனெக்‌ஷன் திறந்த அடுத்த வரியிலேயே, மைஎஸ்கியூஎல்ஐ என்றால் செட்_கேர்செட் ஃபங்ஷனில் யூடிஎஃப்8எம்பி4 கொடுங்கள். பிடிஓ என்றால் டேட்டாபேஸ் விவரம் எழுதும் டிஎஸ்என் வரியிலேயே கேர்செட் கொடுக்கலாம். (மைஎஸ்கியூஎல்ஐ, பிடிஓ இரண்டும் பிஎச்பி டேட்டாபேஸோடு பேசும் வழிகள்.) பிறகு டேபிள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். டேட்டாபேஸின் இயல்புநிலையை மாற்றினால் ஏற்கெனவே இருக்கும் டேபிள்கள் மாறாது. டேபிளின் இயல்புநிலையை மட்டும் மாற்றினால் ஏற்கெனவே இருக்கும் காலங்கள் மாறாது. ‘ஆல்டர் டேபிள்’ கட்டளையில் ‘கன்வெர்ட் டு கேரக்டர் செட்’ என்ற தொடரைப் போட்டால்தான் காலங்களும் சேர்ந்து மாறும். மாற்றிவிட்டு மறுபடி ‘ஷோ கிரியேட் டேபிள்’ ஓட்டி, காலத்தின் பக்கத்தில் லத்தீன்1 எங்கும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். யூடிஎஃப்8_என்கோட் வரியை நீக்குங்கள். பதிவுப் பக்கத்தில் ‘அ’ என்ற ஒற்றை எழுத்தைப் பதிந்து ஹெக்ஸ் பாருங்கள். ‘ஈ0ஏஈ85’ வந்தால் எழுதும் பாதை சரி. அந்த எழுத்து பக்கத்திலும் ‘அ’ என்றே தெரிந்தால் படிக்கும் பாதையும் சரி.

யூடிஎஃப்8 போதாதா, எம்பி4 எதற்கு என்று கேட்பீர்கள். மைஎஸ்கியூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்று பழகிவந்த பெயர் ஓர் எழுத்துக்கு 3 பைட்வரை மட்டுமே தாங்கும். நாம் அன்றாடம் எழுதும் தமிழுக்கு அது போதும். ஆனால் யாராவது பெயருக்குப் பக்கத்தில் ஓர் இமோஜி வைத்தால் அதற்கு 4 பைட் வேண்டும், அங்கே உடையும். 2019-இல் யூனிகோடில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் 4 பைட் கேட்பவைதான். புதிதாக எழுதும் எதிலும் எம்பி4 தவிர வேறொன்றை வைக்கக் காரணமே இல்லை.

ஒரு எச்சரிக்கை, இது உங்கள் நிலைமை இல்லையென்றாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது நேரும். சில பழைய தளங்களில் கனெக்‌ஷனும் லத்தீன்1, டேபிளும் லத்தீன்1 என்று இருக்கும், ஆனால் தமிழ் அழகாகத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே பெயர் என்பதால் மைஎஸ்கியூஎல் எதையும் மொழிபெயர்ப்பதில்லை, யூடிஎஃப்-8 பைட்டுகள் லத்தீன்1 என்ற போர்வைக்குள் பத்திரமாகப் போய்வருகின்றன. அங்கே போய் ‘முறையாகச் செய்கிறேன்’ என்று செட்_கேர்செட் வரியைச் சேர்த்ததும் தளம் முழுக்கக் குப்பையாகத் தெரியும். நேரடியாகக் ‘கன்வெர்ட் டு’ ஓட்டினால் அந்தக் குப்பையே நிரந்தரமாகப் பதிந்துவிடும். அங்கே சரியான வழி, காலத்தை முதலில் பைனரி வகைக்கு மாற்றிவிட்டு, அதன்பின் யூடிஎஃப்8எம்பி4 எழுத்து வகைக்கு மாற்றுவது. பைனரிக்குப் போகும்போது பைட் அப்படியே நிற்கும், பெயர்ப்பலகை மட்டும் கழன்று விழும்.

வெள்ளைப் பக்கத்துக்கு வருகிறேன். அது கடந்துபோய்விட்டது என்று நினைக்காதீர்கள், எதை மாற்றினீர்கள் என்று நீங்களே சொல்லவில்லை. வெள்ளைப் பக்கம் என்றால் பிஎச்பி ஏதோ ஒரு பெரிய எரரில் நின்றிருக்கிறது, டிஸ்ப்ளே_எரர்ஸ் அணைந்திருப்பதால் உங்களுக்குச் சொல்லவில்லை. ஸாம்பில் அது இயங்கும், ஹோஸ்டிங்கில் அணைந்திருக்கும், பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் அணைந்திருப்பதுதான் சரி. எரர் எங்கும் போய்விடவில்லை, ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரிலோ கன்ட்ரோல் பேனலிலோ ‘எரர்_லாக்’ என்று ஒரு ஃபைலில் நேரத்தோடும் வரி எண்ணோடும் எழுதப்பட்டிருக்கும். கடைசி வரியைப் படித்தால் பாதி வேலை முடிந்தது. ஃபைலின் மேலேயே ஐனி_செட் போட்டு எரரைக் காட்டச் சொல்லும் வழி இலக்கணப் பிழைக்கு உதவாது. அதே ஃபைலில் பிழை இருந்தால் அந்த வரி ஓடுவதற்கு முன்பே பிஎச்பி ஃபைலை நிராகரித்துவிடும். எரர் வந்த வரியின் முன்னால் எரரை மறைக்கும் ‘அட்’ குறியைப் போட்டுத்தான் பக்கத்தை வரவைத்தீர்கள் என்றால், தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

வீட்டில் ஓடியது அங்கே ஓடாததற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணங்கள் சில. விண்டோஸ் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். டேபிள் பெயரிலும் அப்படியே: விண்டோஸில் ஓடும் ‘மெம்பர்ஸ்’, முதல் எழுத்து பெரிதானால் லினக்ஸில் 1146 என்ற எண்ணோடு ‘டேபிளே இல்லை’ என்று நிற்கும். பழைய பாடப் புத்தகத்தைப் பார்த்து மைஎஸ்கியூஎல்_கனெக்ட் என்று எழுதியிருந்தால் அது பிஎச்பி 7.0-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. நேர்மாறாக, வீட்டில் பிஎச்பி 8 வைத்து எழுதிய புதிய நடை பழைய சர்வரில் இலக்கணப் பிழையாகும். ஹோஸ்டிங்கில் டேட்டாபேஸ் பெயருக்கும் பயனர் பெயருக்கும் முன்னால் பெரும்பாலும் உங்கள் கணக்கின் பெயர் ஒட்டிக்கொள்ளும், அதைச் சேர்க்காவிட்டால் 1045 அல்லது 1044 வரும். அப்புறம் ஸாம்பில் 2015 முதல் இருப்பது மைஎஸ்கியூஎல் அல்ல, அதிலிருந்து பிரிந்த மரியாடிபி. தொடக்கப் பாடங்களுக்கு வித்தியாசம் தெரியாது, டேட்டாபேஸை இங்கிருந்து அங்கே கொண்டுபோகும்போது சில கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முறை) பெயர்கள் மட்டும் ஒத்துப்போகாமல் எரர் தரும்.

உங்கள் வரிகளைப் பார்த்ததில் கண்ணில் பட்ட வேறு இரண்டு. ஃபார்மில் வந்த பெயரை நேராக எஸ்கியூஎல் வரிக்குள் ஒட்டுகிறீர்கள். டி’சில்வா என்று ஒருவர் ரோமன் எழுத்தில் நேர் மேற்கோள் குறியோடு பெயரைத் தட்டினாலே கட்டளை நடுவில் முடிந்து 1064 வரும். கெட்ட எண்ணம் உள்ளவர் தட்டினால் டேபிளே போகலாம். கட்டளையையும் பெயரையும் தனித்தனியே அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டுக்கு மாற்றுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று நீளம். பெயர்க் காலத்துக்கு வார்கேர் 12, அதாவது அதிகபட்ச நீளம் 12 என்று வைத்திருக்கிறீர்கள். அது எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல, யூனிகோடு குறியீட்டை. ‘கிருஷ்ணமூர்த்தி’ நமக்கு 8 எழுத்து, மைஎஸ்கியூஎல்லுக்கு 15, பைட்டுகளை எண்ணும் பிஎச்பியின் எஸ்டிஆர்லென்னுக்கு 45. கறார் முறை அணைந்த சர்வரில் அந்தப் பெயர் சத்தமில்லாமல் வெட்டுப்படும். 100 என்று வையுங்கள், இடம் ஒன்றும் வீணாகாது. அதேபோல நீளமான பெயரைச் சுருக்கிக் காட்ட சப்ஸ்டிஆர் பயன்படுத்தாதீர்கள், அது 3 பைட்டின் நடுவில் வெட்டிவிடும். எம்பி_சப்ஸ்டிஆர் எழுத்தை உடைக்காது, ஆனால் புள்ளியையோ கொம்பையோ தனியே விட்டுவிடலாம். தமிழ் எழுத்தாகவே வெட்ட வேண்டும் என்றால் இன்டிஎல் நீட்சியில் கிராஃபீம்_சப்ஸ்டிஆர் இருக்கிறது. உங்கள் ஹோஸ்டிங்கில் அந்த நீட்சி போட்டிருக்கிறார்களா என்று பிஎச்பிஇன்ஃபோவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் நான்கு விஷயங்களை ஒட்டுங்கள்: பழைய கூட்டத்திலிருந்து ஒரு பதிவின் ஹெக்ஸ் விடை, புதிய கூட்டத்திலிருந்து ஒன்று, ‘ஷோ கிரியேட் டேபிள்’ விடை, எரர்_லாகின் கடைசிச் சில வரிகள். பிஎச்பி, மைஎஸ்கியூஎல் பதிப்பு எண்களும் சேர்த்து. டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கும் வரியை மட்டும் அழித்துவிட்டு ஒட்டுங்கள். போன முறை ஒட்டியதில் அது அப்படியே தெரிகிறது, முதல் வேலையாக கன்ட்ரோல் பேனலுக்குப் போய் அதை மாற்றிவிடுங்கள்.